தண்ணீர் பிடிக்கும் விசில்

போன மாதம் தம்பி மகன் வழவழப்பான ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். சிலாங்கூரில் ஒரு நாளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய இடங்களாம். குகை, கோட்டை, கலங்கரை விளக்கம், வெந்நீர் ஊற்று என்று படம் படமாக அச்சடித்திருந்தார்கள். "அத்தை, இதுல எங்க போவணும்னு சொல்லுங்க, கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அதிலிருந்ததில் பாதியை எட்டு வயதிலேயே, ஒரே மாதத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்து முடித்தவள் நான். காசில்லாமல், காரில்லாமல், ரயில்வே பாஸில்.

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அதிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர்களாக இருந்தால், நான் எந்த வருடத்தைச் சொல்கிறேன் என்று உடனே தெரிந்துவிடும். ரப்பர் விலை விழுந்த வருடம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், பிறகு ரயில்வேயிலும் குறைத்தார்கள். வேலை போனவர்களைப் பட்டியல் போட்டு, இலவசமாகவே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம் வரிசையில் எத்தனை வீடுகள் அப்படிக் காலியாயின என்று நினைவிருக்கிறதா? காலையில் கோலம் போட்ட வாசலில் மாலையில் பூட்டுத் தொங்கும். பூட்டு ரயில்வேயுடையது.

எங்கள் அப்பா ரயில்வேயில் கீமேன். கையில் நீளப்பிடிச் சுத்தியலோடு தண்டவாளத்தின் மேலேயே நாள்தோறும் மைல் கணக்கில் நடந்து, கழன்ற ஆப்புகளைத் தட்டி இறுக்குகிற வேலை. பின்னால் வண்டி வருகிறதா என்று காதால்தான் பார்க்க வேண்டும். அதனால் எந்த இஞ்சின், எங்கே, என்ன செய்கிறது என்பதை விசிலைக் கேட்டே சொல்லிவிடுவார். அம்மாவும் சளைத்தவளில்லை. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. காலையில் கிள்ளான் வண்டி கூவினால் உலை வைப்பாள், சரக்கு வண்டி கூவினால் வடிப்பாள். ஒரு நாளும் சோறு குழைந்ததில்லை.

அப்பாவின் பெயரும் அந்தப் பட்டியலில் வந்தது. வந்தது என்ன, வரவைத்தார்கள். ஊரிலிருந்து பெரியப்பா, "வேலையில்லாமல் அங்கே என்ன செய்கிறாய், புறப்பட்டு வா" என்று கடிதம் போட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆளான, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, பெரியப்பா எழுதிக் கேட்டுக்கொண்டதற்காக, மற்றவர்களுக்கு முன்னால் எங்கள் நான்கு பெயரையும் எழுதிவிட்டார். மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, கப்பலேறுகிறவர்களைக் கூட்டிவைக்கும் கிள்ளான் துறைமுகத்து டிப்போவில் போய் ஆஜராக வேண்டும். அன்று மாலையே கப்பல்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஊர் என்பது எனக்கு வெறும் பேச்சு. ஆனால் இங்கே எனக்கு ஒரு பதவி இருந்தது. எங்கள் தமிழ்ப் பள்ளியில் மணி என்பது கயிற்றில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அப்பா என்பதால், அதை அடிக்கும் உரிமையை வாத்தியார் எனக்குக் கொடுத்திருந்தார். இரும்புக் கம்பியை எடுத்து நான் மூன்று தட்டுத் தட்டினால் அறுபது பிள்ளைகள் எழுந்து வீட்டுக்கு ஓடுவார்கள். அதை விட்டுவிட்டு, முகம் தெரியாத பெரியப்பா வீட்டுக்கு நான் எதற்குப் போக வேண்டும்?

அம்மாதான் ஊர்ப் பைத்தியம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். பட்டியலில் பெயர் வந்த அன்றே தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். அண்டை வீட்டாரிடமெல்லாம், "அண்ணன் இருக்காரு, தம்பி இருக்காரு, எனக்கென்ன குறை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருடத்து இலவசப் பாஸ் பயன்படுத்தாமல் பெட்டியில் கிடந்தது. அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த ரயில் ரோட்டு மேலயே நடந்தேன். ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு பாத்ததில்ல. போறதுக்குள்ள பாத்துடுவோம்" என்றார்.

முதல் ஞாயிறு பத்துமலை. அப்போது மலையடிவரைக்கும் ரயில் போகும். படி மரப்படி. ஏற ஏற அது ஆடும், கீழே பார்த்தால் பலகை இடுக்கில் பச்சையாகக் காடு தெரியும். கைக்குழந்தையாயிருந்த தம்பியை அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். குகைக்குள் நுழைந்ததும் சில்லென்று ஒரு காற்று, கூடவே வௌவால் எச்சத்தின் காட்டமான வாடை. கூரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்து தரையில் கிடந்தது. நான் ஓடிப்போய் அதற்குள் நின்றுகொண்டேன். தலையில் சொட்டென்று ஒரு துளி தண்ணீர் விழுந்தது. அப்பா என் பக்கத்தில் வந்து குனிந்து, "நல்லா பாத்துக்கிட்டியா?" என்றார். பார்த்துக்கொண்டேன் என்றேன். பரீட்சை வைக்கப் போகிறார் என்று நினைத்து, படிகளையும் வேல்களையும் எண்ணி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு செத்தாப்பாக்கில் வெந்நீர் ஊற்று. செந்தூல் வரை ரயில், அப்புறம் வெயிலில் நடை. வழியெல்லாம் ஈயம் தோண்டிய குட்டைகள், சேற்று நிறத்தில் தண்ணீர். ஊற்றில் கந்தக நாற்றம் அடித்தது. அப்பா மடியில் கட்டிக்கொண்டு வந்த முட்டையைத் துணியில் முடிந்து உள்ளே இறக்கினார். வெகுநேரம் கழித்து எடுத்து உடைத்தால் கொழகொழவென்று கையெல்லாம் வழிந்தது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொண்டுவந்திருந்த தம்பியின் அழுக்குத் துணிகளை எல்லாம் எடுத்து அங்கேயே அலசிப் புதர்மேல் உலர்த்தினாள். "விறகில்லாம சுடுதண்ணி. இந்த ஊர விட்டுட்டுப் போறமே" என்றாள். விளையாட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு கிள்ளான். ஆற்றங்கரையில் படகுகள், மலாய்க் கம்பத்துக் கிழவிகள் விற்ற வாழைப்பழப் பலகாரம், பழைய கோட்டை இருந்த மேடு. கோட்டை என்றதும் நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். அங்கே இருந்தது ஒரு வாசலும் புல்லும் நாலு ஆடும். ராஜாக்கள் இந்த மேட்டுக்காக அடித்துக்கொண்டார்கள் என்று அப்பா சொன்னார். "இப்ப அவங்கல்லாம் எங்க?" என்று கேட்டேன். "ஆடு மேயுதுல்ல" என்றார். அங்கிருந்து துறைமுகம் பக்கம்தான். இன்னும் இரண்டு ஸ்டேஷன் போனால் கப்பல் பார்க்கலாம் என்று நான் ஆசைப்பட்டேன். வேண்டாம், அதைத்தான் எப்படியும் பார்க்கப்போகிறோமே என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நான்காவது ஞாயிறு கோலசிலாங்கூர். மறுநாள் காலையில் டிப்போவில் ஆஜராக வேண்டும். ஆனாலும் அப்பாவின் அக்கா அந்தப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிக் கப்பலேறுவது? சுங்கை பூலோ வழியாக அங்கே ஒரு கிளைப் பாதை அப்போது இருந்தது. பெரும்பாலும் காலி வண்டியாகத்தான் ஓடும். காலையில் போகிற வண்டி, மாலையில் திரும்புகிற வண்டி, அவ்வளவுதான். மாலை வண்டியில் திரும்பி, விடிந்ததும் பெட்டியோடு கிள்ளான் போவதாக ஏற்பாடு.

அத்தை வயிறு நிறையச் சோறு போட்டு, கப்பலுக்கென்று ஒரு மூட்டைக் கருவாடும் கட்டிக் கொடுத்தார். தம்பியைக் கொஞ்சினார். என் காலைப் பிடித்துப் பார்த்தார். நான் பிறந்தபோது அவர் வாங்கிப் போட்டிருந்த வெள்ளிக்கொலுசு இறுக்கமாகிவிட்டதால், வேறு பெரிதாக ஒரு ஜோடி அதற்கு முந்தின தீபாவளிக்குச் செய்து போட்டிருந்தார். "நல்லா வெச்சிக்க. இனி மாத்திப் போட நான் இருக்க மாட்டேன்" என்றார். நாங்கள் கிளம்பும்போது வாசலுக்கு வரவில்லை. அவருக்கு அழுகையைக் காட்டப் பிடிக்காது.

வண்டிக்கு நேரமிருந்தது. அப்பா எங்களைக் கோட்டை மலைக்குக் கூட்டிப் போனார். மலை என்றாலும் குன்றுதான். தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த வளைவுப் பாதையில் சாம்பல் நிறக் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அவற்றின் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். வேறு யார் குட்டியையோ தூக்கி வந்துவிட்டதோ என்று அம்மா கவலைப்பட்டாள். உச்சியில் வெள்ளையாகக் கலங்கரை விளக்கம், சுல்தான்களின் சமாதிகள், புல்லுக்குள் கடலைப் பார்த்து வரிசையாகப் பழைய பீரங்கிகள். டச்சுக்காரன் விட்டுவிட்டுப் போனது என்று அப்பா சொன்னார். கீழே சதுப்புக் காடு, அதற்கப்பால் கடல். அதுவரை நான் பார்த்த தண்ணீரிலேயே பெரியது கிள்ளான் ஆறுதான்.

"அதுலதான் போவமா?" என்று கேட்டேன்.

"ஆமா. நல்லா பாத்துக்க" என்றார் அப்பா. ஆனால் அவர் கடலைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று, மரங்களுக்கு மேலாக நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடம்கூட இல்லை. அம்மா தம்பிக்குப் பால் கொடுக்க மரத்தடிக்குப் போயிருந்தாள். நான் ஒரு பீரங்கியின் பின்னால் உட்கார்ந்து, இடது கால் கொலுசின் திருகைக் கழற்றினேன். கொலுசு காணாமல் போனால் தேடுவார்கள். தேடினால் நேரமாகும். நேரமானால் வண்டி போய்விடும். எட்டு வயதில் என் புத்தி அவ்வளவு தூரம் வேலை செய்தது. பீரங்கியின் வாய்க்குள் கையை விட்டேன். உள்ளே ஈர இலையும் துருவும் இருந்தன, ஒரு எறும்பு கடித்தது. கையை விரித்தேன். கொலுசு சரசரவென்று இறங்கி எங்கோ ஆழத்தில் போய் நின்ற சத்தம் கேட்டது. எட்டாது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நிஜமாகவே அழுதேன்.

அழுதுகொண்டே போய்ச் சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லை விலக்கி விலக்கித் தேடினார். குரங்கு எடுத்திருக்குமோ என்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். நானும் பீரங்கி இல்லாத பக்கமாகத் தேடினேன். அப்போது கீழே ஸ்டேஷனில் இஞ்சின் கூவியது. ஒன்று, நீளமாக.

எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ரயில்வே வீட்டுப் பிள்ளை அல்லவா.

"வண்டிங்க" என்றாள் அம்மா.

அப்பா நிமிரவில்லை. "அது இஞ்சினுக்குத் தண்ணி பிடிக்கிற விசில். இன்னும் அரைமணி நேரம் இருக்கு" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கருவாட்டு மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பீரங்கியின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

நாங்கள் இறங்கிப் போனபோது தண்டவாளத்தின் மேல் புகை மட்டும் மிச்சமிருந்தது. அன்றைய கடைசிப் பஸ்ஸும் போய்விட்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அப்பாவை அடையாளம் கண்டு, "என்னய்யா, கீமேனே வண்டிய விட்டுட்டியா?" என்றார். "பொண்ணு கொலுசத் தொலைச்சிடுச்சிங்க" என்றார் அப்பா. அம்மா என்னைத் திருப்பி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிளாட்பாரத்தில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். "பாவம், பிள்ளை" என்று ஸ்டேஷன் மாஸ்டரே தடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பவும் அத்தை வீட்டுக்கு நடந்தோம். அவர் எங்களைப் பார்த்து ஏன் என்றும் கேட்கவில்லை, என்ன என்றும் கேட்கவில்லை. அடுப்பில் சோறு இருந்தது. எங்கள் எல்லாருக்கும் காணும் அளவுக்கு இருந்தது. அது எப்படி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கப்பல் போயிற்று. கிராணி கோபமாகத்தான் இருந்தார், ஆனால் கொலுசுக் கதையைக் கேட்டதும் இளகிவிட்டார். "சின்னப் பிள்ள செஞ்சதுக்கு என்ன பண்றது" என்றார். பெரியப்பாவுக்கும் அப்படியே எழுதிப் போட்டார்கள். அடுத்த பட்டியலில் இடமில்லை என்று அப்பா வந்து சொன்னார். அவர் போய்க் கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

குவாட்டர்ஸைக் காலி செய்தோம். அப்பாவுக்குப் பத்துமலைப் பக்கம் கல் உடைக்கிற வேலை கிடைத்தது. நாங்கள் சுற்றிப் பார்க்கப் போன மலையின் அடியிலேயே குடிசை. மாலையில் அப்பா தலை முதல் கால் வரை சுண்ணாம்புத் தூளோடு வெள்ளையாக வருவார், தம்பி யாரோ என்று அலறுவான். கருவாட்டு மூட்டை இரண்டு மாதம் வந்தது. என் பள்ளிக்கூடம் எட்டாத தூரமாகிவிட்டது. எந்த மணிக்காக அத்தனையும் செய்தேனோ, அதை வேறு யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கஞ்சி நீர்த்துப்போகிற நாளிலெல்லாம் அம்மா, "அன்னிக்கு இவ மட்டும் கொலுசத் தொலைக்காம இருந்தா" என்று ஆரம்பிப்பாள். விருந்தாளிகளிடம் சொல்வாள். கல்யாண வீடுகளில் சொல்வாள். போகப் போக அது ஒரு வேடிக்கைக் கதையாகி, எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்பா சிரிக்க மாட்டார். தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைப்பார்.

சில வருடங்களில் ரயில்வே அவரைத் திரும்பவும் எடுத்துக்கொண்டது. நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு ஜப்பான்காரன் வந்தான். ரயில் வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சயாமுக்கு, தண்டவாளம் போட ஏற்றிக்கொண்டு போனான். அப்பா திரும்பவில்லை. உங்களில் எத்தனையோ பேர் வீட்டிலும் இதே கதைதான், நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு இல்லாத ஒன்று எனக்கு இருந்தது. அன்று அந்தக் கப்பலில் போயிருந்தால் அப்பா உயிரோடு இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பீரங்கிக்குள் கொலுசு இறங்கிய சத்தம் இரவும் பகலும் காதிலேயே இருந்தது.

யுத்தம் முடிந்து எனக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளையும் ரயில்வேதான், வண்டிக்குக் கொடி காட்டும் கார்டு. ஒரு நாள் சாப்பாட்டின்போது அம்மா வழக்கம்போல் கதையைச் சொன்னாள். தண்ணீர் பிடிக்கும் விசிலுக்கு வந்ததும் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"தண்ணி பிடிக்க விசிலா? அப்படி ஒண்ணு கிடையாதே அத்தே. நீட்டா ஒண்ணு அடிச்சா வண்டி கெளம்புது, அவ்வளவுதான். கீமேனுக்குத் தெரியாதா என்ன?"

அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அவர் டியூட்டிக்குப் போன பிறகு நான் அடுக்களையில் அம்மா எதிரில் போய் உட்கார்ந்தேன். "அப்பா பொய் சொன்னாரா?" என்றேன்.

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "விசிலக் கேட்டு உலை வெக்கிறவடி நான். எனக்கு மட்டும் தெரியாதா?" என்றாள்.

"அப்ப ஏம்மா உக்காந்த?"

"அங்க போய் யார் வாசல்ல நிக்கிறது? எங்கண்ணன் வாசல்லயா? உங்கப்பாவுக்கும் மனசில்ல, எனக்கும் மனசில்ல. பெரியவரு கூப்புட்டாரு, கிராணி மெனக்கெட்டு எழுதிக் குடுத்தாரு. மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? புள்ள செஞ்ச தப்புன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். "உனக்கு மறந்துடும்னு நெனச்சோம்."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பதினாறு வருடம். ஆனால் அம்மா தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள்ளும் அதே கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கப்பல், சயாம், அவள் சொன்ன "அப்ப சரி." அதைச் சொல்லாமலிருக்கத்தான் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தை வாங்கிக் கழுவினேன். பீரங்கியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவே இல்லை.

அந்த வண்ணத் தாளில் நான் கோலசிலாங்கூரைத்தான் காட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்த ரயில் பாதையை என்றைக்கோ கழற்றிவிட்டார்கள், ஸ்டேஷன் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. குரங்குகள் இருக்கின்றன, குட்டி இன்னும் ஆரஞ்சு நிறம்தான். பீரங்கிகளுக்குக் கறுப்புச் சாயம் அடித்துப் பக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். எது என் பீரங்கி என்று தெரியவில்லை. இதுவாக இருக்கும் என்று ஒன்றின் வாயில் கையை விட்டேன். ஒரு சாண் ஆழத்திலேயே சிமெண்டு போட்டு அடைத்திருந்தார்கள்.

என் தம்பி, அன்று கைக்குழந்தை, இன்று அறுபது தாண்டியவன், மூட்டு வலியோடு பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு அப்பாவின் முகம் சரியாக நினைவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே அவன் மகன் நேரமாகிறதென்று கார் ஹார்னை ஒரு முறை நீளமாக அடித்தான்.

"கூப்புடுறான் அக்கா. போவோம்லா" என்று தம்பி எழப் பார்த்தான்.

நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "அது தண்ணி பிடிக்கிற விசில்டா. இன்னும் அரைமணி நேரம் இருக்கு" என்றேன்.